ஐ.ஐ.டி.க்கு மனுப் போடலாமா, வேண்டாமா?

"சார், எண்பது பேர் எழுதினால் ஒருத்தருக்குத்தான் இடமாம். நம் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே கிடைக்கப் போகிறது? எண்ணூறு ரூபாய் வீண்தானே?"

காவிரிக் கரை ஊர் ஒன்றில் தையல் கடை வைத்திருப்பவர் என்னிடம் இப்படிக் கேட்டார். காலால் மிஷினை மிதித்தபடியேதான் கேட்டார். அவருடைய மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் 2 படிக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி. "நீ ஐ.ஐ.டி. பரீட்சைக்கு மனுப் போடு" என்று கணக்கு ஆசிரியர் சொல்லிவிட்டார். அன்று முதல் வீட்டில் இதே பேச்சு!

தாயாருக்கோ வேறு கவலை.

"எதிர் வீட்டுப் பையன் இதற்காக இரண்டு வருஷம் படித்தான். அவன் அப்பா காணி நிலத்தை விற்றார். கடைசியில் பையனும் தேறவில்லை, நிலமும் போயிற்று. நமக்கு எதற்கு அந்த ஆசை?" என்றார் அந்த அம்மாள்.

இது ஒரு வீட்டுப் பேச்சு அல்ல. பிளஸ் 2 படிக்கும் பிள்ளை இருக்கிற பல வீடுகளில் நடக்கிற பேச்சுதான். ஆகவே கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

பஸ் நிறைய ஆட்கள், ஓர் இடம்!

ஐ.ஐ.டி. என்பது மத்திய அரசின் என்ஜினீயரிங் கல்வி நிலையம். முதல் ஐ.ஐ.டி. 1951-ம் ஆண்டு வங்காளத்தில் கரக்பூரில் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. 1959-ம் ஆண்டு மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் கிண்டிக் காட்டை ஒட்டி எழுந்தது. இன்று நாடு முழுவதும் 23 ஐ.ஐ.டி.கள் இருக்கின்றன.

இவற்றில் சேர இரண்டு பரீட்சைகளைத் தாண்ட வேண்டும். முதல் பரீட்சைக்கு ஜே.இ.இ. மெயின் என்று பெயர். அதில் முன்னணியில் வரும் இரண்டரை லட்சம் பேர்தான் அடுத்ததை எழுதலாம். அது ஜே.இ.இ. அட்வான்ஸ்டு. ஒரே நாளில் இரண்டு தாள். ஒவ்வொன்றும் 3 மணி நேரம்.

2024-ம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். மெயின் பரீட்சை எழுதியவர்கள் சுமார் 14 லட்சம். அட்வான்ஸ்டு எழுதியவர்கள் 1,80,200. அதில் தேறியவர்கள் 48,248. எல்லா ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இருந்த இடங்களோ 17,740!

தையல்காரர் சொன்ன கணக்கு சரிதான். திருவிழா நாளில் டவுன் பஸ்ஸில் நெருக்கி ஏறினால் எண்பது பேர் இருப்பார்கள். அந்த பஸ் முழுவதற்கும் ஓர் இடம்.

ஆனால் இது குலுக்குச் சீட்டு அல்ல. சீட்டு எடுப்பவர்களுக்கு எல்லாம் ஒரே அதிர்ஷ்டம். பரீட்சை அப்படி அல்ல. அந்த 14 லட்சம் பேரில் மூன்று வருடம் ராப்பகலாகப் படித்தவர்களும் உண்டு. அப்பா சொன்னாரே என்று ஒரு புத்தகத்தையும் புரட்டாமல் போய் உட்கார்ந்தவர்களும் உண்டு. உங்கள் பிள்ளை இதில் யார் பக்கம் என்பதுதான் கேள்வி.

மனுவுக்கு எவ்வளவு? படிப்புக்கு எவ்வளவு?

எதிர் வீட்டுக்காரர் நிலத்தை விற்றது மனுப் போடுவதற்காக அல்ல, தனிப் பயிற்சிக்காக. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் தகராறு வருகிறது.

மனுவுக்கு ஆகும் செலவு சொற்பம். 2025-ம் ஆண்டு மெயின் பரீட்சைக்குப் பெண்களுக்குக் கட்டணம் 800 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்றால் 500 ரூபாய். அதில் முன்னுக்கு வந்தால் மட்டுமே அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும். அது பெண்களுக்கு 1,600 ரூபாய்.

தனிப் பயிற்சி வேறு சமாசாரம். அது லட்சக்கணக்கில் போகும்.

ராஜஸ்தானில் கோட்டா என்று ஓர் ஊர். சம்பல் நதிக்கரையில் இருக்கிறது. அங்கே ஆலையில் என்ஜினீயராக இருந்த வி.கே.பன்சல் என்பவருக்குத் தசைகள் வலுவிழக்கும் நோய் வந்தது. நடமாட முடியாமல் போகுமே என்று 1980-களில் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அவரிடம் படித்தவர்கள் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார்கள். பெயர் பரவியது. 1991-ல் பயிற்சி நிலையம் திறந்தார். அவரைப் பார்த்து வேறு பலரும் திறந்தார்கள். இன்று ஊரே பயிற்சிக்கூடமாக இருக்கிறது. எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு போய் இறங்குகிறார்கள்.

பலர் தேறுகிறார்கள். தேறாத துக்கம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. 2023-ல் அந்த ஊர் அதிகாரிகள் ஓர் உத்தரவு போட்டார்கள். விடுதி அறைகளில் உள்ள மின்விசிறிகளுக்கு, பாரம் ஏறினால் கீழே இறங்கிவிடும் சுருள் கம்பி பொருத்த வேண்டும் என்பது உத்தரவு. இதைப் படிக்கும் பெற்றோர் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் குடும்பத்தின் கடனையும் ஏற்றி வைக்கலாமா?

என்னைக் கேட்டால், மனுப் போடுங்கள் என்பேன். அதற்காக நிலத்தை விற்காதீர்கள், தாலிக்கொடியை அடகு வைக்காதீர்கள் என்றும் சொல்வேன்.

ஒரு பரீட்சை, இரண்டு வாசல்

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த 800 ரூபாய் ஐ.ஐ.டி.க்கு மட்டும் கட்டுவது அல்ல. அதே மெயின் பரீட்சை மதிப்பெண்ணைக் கொண்டுதான் என்.ஐ.டி. என்ற 31 கல்வி நிலையங்களிலும் இடம் தருகிறார்கள். திருச்சி என்.ஐ.டி. அவற்றில் ஒன்று. 1964-ல் தொடங்கிய பழைய கல்லூரி அது. அங்கே பாதி இடங்கள் தமிழ்நாட்டில் பிளஸ் 2 தேறியவர்களுக்கு. ஐ.ஐ.டி.யில் இந்தச் சலுகை கிடையாது.

இதைச் சொன்னதும் தையல்காரர் மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

"திருச்சி என்றால் வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்து வரலாமே!" என்றார் அம்மாள்.

பாஷை விஷயமும் உண்டு. 2021 முதல் மெயின் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். அட்வான்ஸ்டு பரீட்சைக்குக் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழில் படித்த பிள்ளைக்கு இது ஒரு மலைதான். ஏற முடியாத மலை என்று சொல்லமாட்டேன். கணக்கிலும் விஞ்ஞானத்திலும் வரும் ஆங்கிலச் சொற்களை இப்போதே படித்துவைக்க வேண்டும்.

இடம் கிடைத்தால் பணத்துக்கு எங்கே போவது? ஐ.ஐ.டி.யில் படிப்புக் கட்டணம் வருடத்துக்கு 2 லட்சம் ரூபாய். கேட்டவுடன் தலை சுற்றும். ஆனால் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு அந்தக் கட்டணம் கிடையாது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் என்றால் மற்றவர்களுக்கும் கிடையாது. ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் போதும். அதாவது சுமார் 67 ஆயிரம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் தனி. அரசுப் பள்ளியில் படித்து இப்படிப்பட்ட நிலையங்களில் சேருவோருக்கு உதவ 2022-ல் தமிழக அரசும் ஒரு திட்டத்தை அறிவித்தது. தலைமை ஆசிரியரிடம் கேட்டு விவரம் தெரிந்துகொள்ளுங்கள்.

17,500 ரூபாய்க்காகச் சுப்ரீம் கோர்ட்டு!

பணம் என்றதும் ஒரு வழக்கு ஞாபகம் வருகிறது. உத்தரப்பிரதேசத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் மகன். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். 2024-ல் தேறிவிட்டார். தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடமும் ஒதுக்கினார்கள். இடத்தை உறுதி செய்ய 17,500 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். கெடு ஜூன் 24, மாலை 5 மணி. அந்தப் பணத்தை அந்த நேரத்துக்குள் கட்ட முடியவில்லை. இடம் போய்விட்டது!

அட்வான்ஸ்டு பரீட்சையை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுதலாம். அந்த மாணவருக்கு அது இரண்டாவது முறை. அவ்வருடம் பரீட்சையை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை ஐகோர்ட்டு வரை வந்தார். பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2024 செப்டம்பர் 30-ந் தேதி, அவருக்கு இடம் கொடுத்தே தீர வேண்டும் என்று நீதிபதிகள் உத்தரவிட்டார்கள்.

அவர் ஜெயித்தார். எல்லாருக்கும் டெல்லி போக முடியுமா? பயிற்சிக்கு லட்சம் தேடுகிறவர்கள் முதலில் இந்த முன்பணத்தைத் தனியாக எடுத்து வைக்கட்டும். தொகை ஆளுக்கு ஆள் மாறும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

"அதெல்லாம் சரி. இவளால் முடியுமா, முடியாதா? அதைச் சொல்லுங்கள்" என்றார் தையல்காரர்.

அதை நான் சொல்ல முடியாது. பழைய கேள்வித்தாள்களைக் காசில்லாமல் இன்டர்நெட்டில் எடுக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 3 மணி நேரம் கடிகாரத்தை வைத்துவிட்டுப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தப்புக்கு ஒன்று குறையும். முதல் நாள் மதிப்பெண் குறைவாகத்தான் வரும். திட்டாதீர்கள்! மறுநாள் கவனியுங்கள். விட்டுப்போன கணக்கைப் பிள்ளை தானாக எடுத்து மறுபடி போட்டுப் பார்க்கிறதா? பார்த்தால் சந்தேகமே வேண்டாம், மனுப் போடுங்கள். தாளை மூலையில் எறிந்துவிட்டதா? அதிலும் தப்பு இல்லை. தமிழ்நாட்டில் வேறு வழி இருக்கிறது.

நம் மாநில என்ஜினீயரிங் கல்லூரிகளில் சேரத் தனிப் பரீட்சை கிடையாது. பிளஸ் 2 கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50 என்று 200-க்குக் கணக்கிட்டு இடம் தருகிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கி 2021-ல் சட்டமே வந்தது. கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியின் வேர் 1794-ம் ஆண்டு தொடங்கிய நில அளவைப் பள்ளியில் இருக்கிறது. ஐ.ஐ.டி. என்ற பேச்சே இல்லாத காலம் அது! அங்கே படித்துவிட்டு, பிற்பாடு 'கேட்' பரீட்சை எழுதி ஐ.ஐ.டி.யில் மேல்படிப்புக்குப் போனவர்களும் உண்டு. ஆகையால் ஐ.ஐ.டி. கனவில் பிளஸ் 2 பாடத்தைக் கோட்டை விட்டுவிடக் கூடாது. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதுகிறேன் என்று பிள்ளை கேட்டால் நான் எளிதில் சம்மதிக்க மாட்டேன். மயிரிழையில் தவறியிருந்தால் மட்டும் யோசிப்பேன்.

அன்று மாலை தையல் கடையில் சீக்கிரமே கதவைச் சாத்திவிட்டார்கள். பெண் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தாள். மனுவில் ஒரு கைபேசி எண் கேட்கிறார்கள். அப்பாவின் எண்ணைப் போடலாமா, ஆசிரியரின் எண்ணைப் போடலாமா என்று ஒரு சின்ன விவாதம் நடந்தது. அப்பாவின் எண்ணே நிலைத்தது.

"ஜாதிச் சான்றிதழ்தான் பள்ளிக்கூடத்தில் கொடுத்தோமே, அது போதாதா?" என்று கேட்டார் தையல்காரர்.

போதாது. பிற்பட்டோருக்கு மாநிலச் சான்றிதழ் வேறு, மத்திய அரசு கேட்கும் ஓ.பி.சி. சான்றிதழ் வேறு. கடைசி நேரத்தில் இதற்காக அலைபவர்கள் ஏராளம். இடம் கேட்கும் வருடம் ஏப்ரல் 1-ந் தேதிக்குப் பிறகு வாங்கியதாகவும் இருக்க வேண்டும்.

"அப்படியானால் ஏப்ரல் முதல் வாரம் தாலுகா ஆபீசுக்கு நானே போகிறேன்" என்றார் அம்மாள். எதிர் வீட்டு நிலத்தைப் பற்றி அப்புறம் அவர் பேசவில்லை.