ஆசிரியரின் கண்ணில் வளரும் பிள்ளை

1942ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலே, ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு பொழிந்து, பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றுபோய், இலங்கைத் தீவு முழுவதும் நாளைய சோற்றை எண்ணி அஞ்சியிருந்த வேளையில், நெல் விளையும் கீழ்க்கரையில் உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டுக் கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்றை நடத்துமாறு அரசாங்கம் ஓர் இளம் உத்தியோகத்தரை அனுப்பிவைத்தது. அவர்தாம் ஏ. எம். ஏ. அஸீஸ், இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் முஸ்லிம். நெல்லின் பொருட்டு வந்த அம்மனிதர், வயல்களைப் பார்வையிட்டதோடு நில்லாமல், அவ்வயல்களை உழுதோரின் பிள்ளைகளையும் நோக்கினார். அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. மூன்றாண்டுகளின் பின், 1945இல், நாடெங்குமுள்ள வறிய முஸ்லிம் மாணவர்க்கு உதவும் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவாகியதற்கு அக்கல்முனை முயற்சியே முன்னோடி.

யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் சைவ ஆசிரியர்களிடம் கற்று மேல்நிலைக்கு வந்தவர் அஸீஸ். தம்மைக் கற்பித்தோர் தம்மிடத்து வைத்த நம்பிக்கையின் பயனை அவர் தம் வாழ்விலேயே கண்டிருந்தார் என்று நான் கருதுகிறேன். கல்முனைக்கு அணித்தான காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்புச் சிவானந்த வித்தியாலயத்தைக் கட்டியெழுப்பிய சுவாமி விபுலாநந்தரோடு அவருக்கு ஏற்பட்ட நட்பும் இந்த நோக்கினை வலுப்படுத்தியிருக்க வேண்டும். வயலுக்கும் கடலுக்கும் போகப் பிறந்த பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்ற எண்ணம் ஊரிலும் உண்டு, பிள்ளையின் உள்ளத்திலும் உண்டு, சில வேளைகளில் கற்பிப்பவரிடத்தும் உண்டு என்பதைக் கண்டவர், 'உங்களால் முடியும்' என்று பிரசங்கம் செய்துவிட்டுப் போய்விடவில்லை. சங்கம் அமைத்தார், பணம் திரட்டினார், உபகாரச் சம்பளம் கிடைக்க வழி செய்தார். நம்பிக்கை என்பது நம்புகிறவனுடைய கைகளில் ஒரு செயலாக மாறினாலன்றி, நம்பப்படுகிறவனுக்கு அதனால் பயனில்லை. இக்கட்டுரை முழுவதும் இந்த ஒன்றைப் பற்றியதே.

மாணவனின் மனோபாவம் கல்வியைப் பாதிக்கிறது என்பதை விளக்குவதற்குப் பெரிய சாஸ்திரம் வேண்டியதில்லை. பெற்றோர் கூட்டத்திலே ஒரு தாய் தன் மகனை அருகில் நிறுத்திக்கொண்டு, "சேர், இவனுக்குக் கணக்கு ஏறுதில்ல, இவன்ட வாப்பாக்கும் அப்பிடித்தான்" என்கிறாள். "ஓம் ராத்தா, நானும் பார்த்திட்டன்" என்று ஆசிரியரும் ஆமோதிக்கிறார். இருவருக்கும் பிள்ளையிடத்து வெறுப்பில்லை; இருவரும் அன்போடுதான் பேசுகிறார்கள். ஆயினும் அந்தப் பையன், தன் அறிவு பிறப்பிலேயே அளந்து வைக்கப்பட்டதென்றும், அந்த அளவு சிறிதென்றும், இனிப் படும் பிரயாசை வீணென்றும் அந்த ஒரு நிமிடத்திலே தெரிந்துகொண்டு வீடு திரும்புகிறான். மறுநாள் கணக்குக் கொப்பியைத் திறக்கும்போது, விடை தவறுவதற்கு முன்னரே அவன் தோற்றுவிடுகிறான்.

அமெரிக்க உளவியல் அறிஞர் கரோல் டுவெக் பல்லாண்டுகளாக ஆராய்ந்த பொருள் இதுவே. அறிவு மாறாதது என்று கொள்ளும் மனம், முயற்சியாலும் நல்ல வழிகாட்டலாலும் அது வளரும் என்று கொள்ளும் மனம் என இரண்டினை அவர் பிரித்துக் காட்டினார். 1998இல் கிளோடியா முல்லரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆராய்ச்சி பலரைச் சிந்திக்க வைத்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் சில கொடுத்து, நன்கு செய்ததும் ஒரு சாராரை 'நீ கெட்டிக்காரன்' என்றும், மற்றொரு சாராரை 'நன்றாகப் பாடுபட்டாய்' என்றும் புகழ்ந்தார்கள். பின்னர்க் கடினமான புதிர்களைக் கொடுத்தபோது, கெட்டிக்காரர் என்று புகழப்பட்ட பிள்ளைகள் விரைவில் ஊக்கம் இழந்தார்கள். அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர், தாம் பெற்ற புள்ளியை மற்றப் பிள்ளைகளுக்குக் கூட்டிச் சொல்லவும் செய்தார்கள். பிள்ளையை இழிவுபடுத்துவது மாத்திரமன்று, ஆராயாமல் புகழ்வதும் கேடாகலாம் என்பதைக் கெட்டிக்காரப் பிள்ளைகளின் பெற்றோர் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

ஆனால் பிள்ளையின் மனத்தை மாத்திரம் பிடித்துத் திருத்திவிட்டால் போதும் என்று எண்ணுவது, ஆசிரியரின் பொறுப்பை மிகச் சுலபமாகக் கழற்றிவிடுவதாகும். 1968இல் றொபர்ட் றொசெந்தால் என்ற உளவியலாளரும் லெனோர் ஜேக்கப்சன் என்ற பாடசாலை அதிபரும் வெளியிட்ட நூல் ஒன்று அக்காலத்திலே பெருங்கிளர்ச்சியை உண்டாக்கியது. கலிபோர்னியாவில் ஒரு பாடசாலையில், ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு தெரிவு செய்து, 'இவர்கள் இவ்வாண்டில் விரைந்து மலரப்போகும் பிள்ளைகள்' என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். ஆண்டு முடிவிலே, கீழ் வகுப்புகளில் அப்பிள்ளைகள் மெய்யாகவே மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். அந்நூலின் அளவீடுகளைப் பிற அறிஞர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். ஆசிரியர் பிள்ளைகளை நன்கு அறிந்துகொண்ட பின்னர் இத்தகைய வார்த்தைகள் அவ்வளவாகப் பலிப்பதில்லை என்பதும் பின்வந்த ஆராய்ச்சிகளிற் புலப்பட்டது. அவ்வாறாயின், ஆண்டின் முதல் இரண்டொரு வாரங்களே பெரும் பொறுப்பு வாய்ந்தவை என்றாகிறது. போன வருடத்து ஆசிரியர் கையளிக்கும் 'மொக்கன்' என்ற முத்திரையோடு ஒரு பிள்ளையை வரவேற்பதா, முத்திரையின்றி வரவேற்பதா என்பது அந்த வாரங்களிலேதான் தீர்மானமாகிறது.

ஆசிரியரின் உள்ளெண்ணம் பிள்ளைக்கு எவ்வாறு தெரிகிறது? வாயாற் சொல்லாமலே தெரிகிறது. 1970களில் மேரி பட் றோ என்ற ஆராய்ச்சியாளர் வகுப்பறைகளிற் கேள்விக்கும் விடைக்கும் இடைப்பட்ட மௌனத்தை அளந்து பார்த்தார். வினாவிய ஆசிரியர் சராசரி ஒரு விநாடியளவே காத்திருந்தார். கெட்டிக்காரர் என்று கருதிய பிள்ளைகளுக்குச் சற்று அதிகமாகவும், பின்தங்கியவர் என்று கருதியோருக்கு அதனிலும் குறைவாகவும் காத்திருந்தார். அந்த மௌனத்தை மூன்று விநாடிகளாக நீட்டியபோது, பிள்ளைகளின் விடைகள் நீண்டன, வாய் திறவாதவர்களும் பேசத் தொடங்கினர். எந்தப் பிள்ளைக்காகக் காத்திருக்கிறோம், எந்தப் பிள்ளையைக் கடந்து சென்றுவிடுகிறோம், யாருடைய கொப்பியிற் சிவப்புப் புள்ளடி மாத்திரம் விழுகிறது, யாருடைய கொப்பியில் 'இந்த அடியில் திரும்பச் செய்து பார்' என்ற வரி விழுகிறது என்பவற்றாலேயே ஒரு பிள்ளை தன்னைப் பற்றிய ஆசிரியரின் தீர்ப்பைப் படித்துக்கொள்கிறது.

மாணவரின் மனத்தையும் ஆசிரியரின் மனத்தையும் ஒருங்கே வைத்து நோக்கிய ஆராய்ச்சி அண்மையில்தான் வந்தது. டேவிட் யேகரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு, மூளை பயிற்சியால் வலுப்பெறும் என்பதை விளக்கும், ஒரு மணித்தியாலத்துக்கும் குறைந்த பாடமொன்றைக் கணினி வழியே கொடுத்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, பின்தங்கிய மாணவரின் பெறுபேறு சிறிதளவு உயர்ந்தது. அவ்வளவே, அற்புதம் ஒன்றும் நிகழவில்லை. எனினும் 2022இல் அவர்கள் வெளியிட்ட தொடர் ஆய்வு கூறிய செய்தியே எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது: கணித ஆசிரியர் தாமும் அறிவு வளரும் என்று நம்பிய வகுப்புகளில் அப்பாடம் பயன் தந்தது, ஆசிரியர் அவ்வாறு நம்பாத வகுப்புகளிற் பயன் தரவில்லை. நீர்ப்பாய்ச்சல் இல்லாத வட்டையில் நல்ல விதைநெல்லை வீசினாலும் என்ன முளைக்கும் என்பதை நம்மூர்ப் போடியார்மார் எவரும் சொல்லிவிடுவர்.

நம் ஊர்களிலே, மருதமுனை முதல் பொத்துவில் வரை, இதற்குச் சான்று தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. பாடசாலையிற் கணக்கு ஏறாது என்று கைவிடப்பட்ட அதே பையன், ஹிப்ழ் மத்ரஸாவிலே ஏறத்தாழ அறுநூறு பக்கங்கள் கொண்ட குர்ஆனை முழுவதுமாக மனனம் செய்து ஹாபிழாகி வருகிறான். அங்கே அவன் அன்றாடம் புதிய பாடத்தை ஓதிக் காட்டுகிறான். பழைய பாடத்தையும் கூடவே ஓதுகிறான். பிழைத்த இடத்தில் உஸ்தாத் நிறுத்துகிறார், திருத்துகிறார், மறுபடி ஓதச் சொல்கிறார். பிழை அங்கே ஓதலின் ஒரு பகுதி. அதை வைத்து எவரும் மூளையை அளப்பதில்லை. மனனம் வேறு, கணக்கின் தர்க்கம் வேறு என்பது மெய்யே. மத்ரஸாவை இடையில் விட்டு வருபவர்களும் உண்டு. ஆயினும், மீண்டும் மீண்டும் முயன்றால் கைகூடும் என்று வீடும் ஊரும் ஆசானும் ஒருமித்து நம்பும்போது ஒரு சாதாரணப் பிள்ளை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நம் தெருக்களிலேயே கண்டுகொண்டு, பாடசாலைக்குள் நுழைந்ததும் அதை மறந்துவிடுகிறோமே என்று நான் வருந்துகிறேன்.

மறப்பதற்குக் காரணம் நம் பரீட்சைகள். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்கு நாடு முழுவதும் ஆண்டுதோறும் மூன்று இலட்சம் அளவிலான பிள்ளைகள் தோற்றுகிறார்கள். அவர்களிற் பெரும்பாலோர் வெட்டுப்புள்ளியை எட்டுவதில்லை. வறிய பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையும் கிடைக்கச் செய்தல் என்ற உயர்ந்த நோக்கத்தோடு, இலவசக் கல்வியின் தந்தையாகிய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா காலத்திலே வேரூன்றிய இந்த ஏற்பாடு, இன்று பத்து வயதிலேயே பிள்ளையின் தலைவிதியை எழுதும் கருவியாக ஆகிவிட்டது. சித்தியடைந்த பிள்ளையின் படம் பதாகையில் ஏறுகிறது. மற்றப் பிள்ளையோ, வீட்டாரின் முகத்தைப் பார்க்க நாணி, தன்னைத் 'தவறியவன்' என்றே அறிந்துகொண்டு ஆறாம் வகுப்புக்குச் செல்கிறது.

ஆசிரியரை மாத்திரம் குற்றஞ்சாட்டுதல் நியாயமன்று. நாற்பது பிள்ளைகள் நெருக்கியிருக்கும் வகுப்பிலே, பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டிய நிர்ப்பந்தத்தில், மூன்று விநாடி காத்திருப்பதும் ஒருவருக்குப் பெருஞ்செலவே. ஆகையால் இப்பொறுப்பு அட்டாளைச்சேனை தேசிய கல்வியியற் கல்லூரியிற் பயிலும் இளம் ஆசிரியரின் பயிற்சியிலும், பாடசாலைக்கு வரும் சேவைக்கால ஆலோசகரின் குறிப்பேட்டிலும் இடம்பெற வேண்டும். கற்பித்தலில் எத்தனை அலகு முடிந்தது என்று கேட்கும் ஆலோசகர், பின்வாங்கில் இருப்போரில் எத்தனை பேர் இன்று பேசினார்கள் என்றும் கேட்கலாம். புலமைப்பரிசில் முடிந்து தரம் ஆறுக்கு வரும் பிள்ளைகளின் பெறுபேற்றுத் தாளை முதல் தவணை முடியும்வரை வகுப்பாசிரியரின் கையிற் கொடுக்காதிருக்க ஓர் அதிபர் தம் பாடசாலையளவிலேயே தீர்மானிக்கலாம். அதற்குச் சுற்றறிக்கை எதுவும் வேண்டியதில்லை.