பதினோரு பாகங்களின் உறுமல்

பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் பரப்பி எண்ணினால் 11 பாகங்கள்தான். டிரான்சிஸ்டர் 2, ரெசிஸ்டர் 4, கெபாசிட்டர் 3, திருகிக் கூட்டவும் குறைக்கவும் உதவும் பொட்டென்ஷியோமீட்டர் 2. எல்லாவற்றையும் ஓர் உள்ளங்கையில் அள்ளிவிடலாம். இவற்றைச் சரியாக இணைத்து, 9 வோல்ட் பேட்டரி கொடுத்து, எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் வைத்தால், அதுவரை மணிபோல் ஒலித்த கம்பி உறுமத் தொடங்குகிறது. 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபஸ் ஃபேஸ்’ என்ற பெடலின் சுற்று முழுவதும் இவ்வளவே. ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடையில் காலால் அழுத்தி இயக்கியது இதைத்தான்.

அந்தப் பெட்டியை இன்றும் உலகமெங்கும் ஆர்வலர்கள் தங்கள் வீட்டு மேசையில் செய்துகொண்டிருக்கிறார்கள். நானும் செய்கிறேன். கடையில் வாங்கக் கிடைப்பதை எதற்கு உட்கார்ந்து செய்யவேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. நம் கையில் இருக்கும் கைபேசிக்குள் என்ன நடக்கிறது என்று முழுக்கத் தெரிந்த தனிமனிதர் யாரும் இல்லை. இந்தப் பெட்டிக்குள் நடப்பதை முதல் பாகத்திலிருந்து கடைசிப் பாகம்வரை ஒரு சாதாரண மனிதர் அறிந்துகொள்ள முடியும். அந்த அறிவு காதால் கேட்கக்கூடியதாகவும் இருக்கிறது.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். கிட்டார் கம்பிக்கு அடியில் ‘பிக்கப்’ இருக்கிறது. காந்தத்தைச் சுற்றித் தலைமுடி அளவே தடிமன் கொண்ட செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். எஃகுக் கம்பி அதிர்ந்தால் அந்தச் சுருளில் மின்சாரம் பிறக்கும். பெரும்பாலும் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு. இந்தச் சிறிய அலையை முதல் டிரான்சிஸ்டர் பல மடங்காகப் பெருக்கி இரண்டாவதிடம் கொடுக்கிறது. இரண்டாவது இன்னும் பெருக்கப் பார்க்கிறது. ஆனால் பேட்டரியிடம் இருப்பது 9 வோல்ட். அதற்கு மேல் அலை உயர வழியில்லை. உச்சி கூரையில் முட்டுகிறது, அடி தரையில் முட்டுகிறது. வளைந்து வழுவழுப்பாக இருந்த அலை தலையும் காலும் தட்டையாகி வெளியே வருகிறது. பொறியாளர்கள் இதைக் ‘கிளிப்பிங்’ என்பார்கள். ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பில் இது தவிர்க்கவேண்டிய கோளாறு.

கோளாறு எப்படி இனிக்கிறது? விடை 1822இல் வெளிவந்த ஒரு நூலில் இருக்கிறது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே, திடப்பொருளில் வெப்பம் பரவும் விதத்தை ஆராய எழுதிய நூல் அது. திரும்பத் திரும்ப வரும் அலை எவ்வளவு கோணலாக இருந்தாலும் அதை எளிய அலைகளின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்று அவர் காட்டினார். அந்த எளிய அலைகள் மூல அதிர்வெண்ணின் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று வரிசையாக நிற்கும். ஆகவே அலையின் உச்சியைத் தட்டையாக்கும்போது முன்பு இல்லாத அல்லது மெலிதாக மட்டுமே இருந்த ஒலிகளை உள்ளே அழைத்து வருகிறோம்.

கிட்டாரின் ‘ஏ’ கம்பி விநாடிக்கு 110 முறை அதிர்கிறது. அதை ஸட்ஜமாக வைத்துக்கொள்வோம். 220 மேல் ஸ்தாயி ஸட்ஜம். 330 அதற்கு மேலுள்ள பஞ்சமம். 440 இன்னும் ஒரு ஸட்ஜம். 550 அந்தர காந்தாரம். கம்பியிலேயே இவை மெலிதாக உண்டு. ‘ஃபஸ்’ என்னும் இந்தக் கரகரப்பு அவற்றை உரக்கப் பேச வைக்கிறது. மேலும் கீழும் ஒரே அளவு வெட்டினால் 3, 5, 7 என்ற ஒற்றைப்படை மடங்குகள்தான் கூடும். ஃபஸ் ஃபேஸ் இரு பக்கமும் சமமாக வெட்டுவதில்லை. அதனால் இரட்டைப்படை மடங்குகளும் சேர்ந்துகொள்கின்றன, ஒலி தடிக்கிறது.

இரண்டு கம்பிகளைச் சேர்த்து மீட்டினால் இன்னொரு அதிசயம் கிடைக்கும். 110, 165 என்ற இரண்டு ஸ்வரங்களை, அதாவது ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும், ஃபஸ் வழியே அனுப்புங்கள். இரண்டின் கூட்டல் கழித்தல்களும் வெளியே வரும். 165இல் 110 போனால் 55. அது கீழ் ஸ்தாயி ஸட்ஜம். யாரும் தொடாத ஒரு மந்திர ஸ்வரம் அறையை அதிரவைக்கும். ராக் இசைக்கலைஞர்கள் ஃபஸ்ஸை அழுத்தியதும் பெரிய கார்டுகளை விட்டுவிட்டு இரண்டு கம்பிகளோடு நின்றுகொள்வது இதனால்தான். ஸ்வரங்கள் பெருகினால் கூட்டல் கழித்தல்களும் பெருகி ஒலி குழம்பிப்போகும்.

இந்த ஒலி பெடலுக்குள் வந்ததே ஒரு பழுதால்தான். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ‘டோன்ட் வொரி’ பாடலின் பதிவு. கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் ஒலிப்பதிவுக் கருவியின் பழுதான ஒரு தடத்தின் வழியே போனதால் கரகரத்துப் பதிவானது. அதை அப்படியே விட்டார்கள். 1961இல் பாடல் வெளிவந்தபோது அந்தக் கரகரப்பே பேச்சாயிற்று. ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை டிரான்சிஸ்டர்களால் வேண்டுமென்றே உண்டாக்கும் சுற்று ஒன்றை உருவாக்கினார். கிப்ஸன் நிறுவனம் அதை வாங்கி, 1962இல் ‘மேஸ்ட்ரோ எஃப்இசட்-1’ என்ற பெயரில் விற்றது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் அதைப் பயன்படுத்தினார். பிறகு ஊதுகருவிகள் வாசிக்கவேண்டிய இடத்துக்கு ஒரு மாதிரியாகத்தான் அவர் அதை வாசித்தார். அந்த மாதிரியே பாடலின் முகமாகிவிட்டது.

நமக்கு இந்தச் சுவை புதிதல்ல. தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு நூலைச் செருகி, அதை அணு அணுவாக நகர்த்தி ‘ஜீவா’ பிடிப்பதைக் கச்சேரி மேடையில் பார்த்திருப்பீர்கள். தந்தி நூலோடும் குதிரையின் வளைவோடும் உரசி உரசி எழுவதுதான் அந்த ரீங்காரம். சர் சி.வி. ராமன் 1921இல் இதை ஆராய்ந்து எழுதினார். தந்தியைச் சரியாக நடுவில் மீட்டினால் மேல் ஸ்தாயி ஸட்ஜம் எழக்கூடாது என்பது ஐரோப்பிய இயற்பியல் விதி. தம்புராவில் நூல் சரியாக அமைந்தால் அது ஓங்கி எழுகிறது என்று அவர் காட்டினார். கருவி வேறு, காலம் வேறு. மேல் ஒலிகளை அழைத்து வரும் ஆசை ஒன்றே.

இனி மேசைக்கு வருவோம். முதல் கேள்வி டிரான்சிஸ்டர் ஜெர்மானியமா, சிலிக்கானா என்பது. பழைய ஃபஸ் ஃபேஸ்களில் இருந்தது ஜெர்மானியம். காதுக்கு இதமானது; ஆனால் வெப்பம் தாங்காது. சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அதன் கசிவு மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஏசி அறையில் சரிபார்த்த பெட்டி, மே மாத வெயிலில் திறந்தவெளி மேடைக்குப் போனால் குரல் மாறிவிடும். அதோடு பழைய சுற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த்தோடு சேரும். மற்ற பெடல்களோடு ஒரே மின்சப்ளையைப் பகிர முடியாது. நம் ஊருக்குச் சிலிக்கானே தோது. பிசி108, பிசி547 போன்றவை சென்னை ரிச்சி தெருவில் தாராளமாகக் கிடைக்கின்றன.

ஈயம் வைப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த கம்பி 183 டிகிரியில் உருகும். சால்டரிங் அயர்னில் ஈயத்தை உருக்கிக்கொண்டு போய்த் தடவக்கூடாது. செம்புத் தடத்தையும் பாகத்தின் காலையும் ஒன்றாகச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானே உருகிப் பரவவேண்டும். நல்ல இணைப்பு பளபளப்பாக, காலைச் சுற்றி ஏறிய சின்னக் கூம்பாக இருக்கும். மங்கலாக உருண்டு நின்றால் அது ஒட்டவில்லை. சால்டரிங் புகையை முகர வேண்டாம். முடித்ததும் கையைக் கழுவுங்கள்.

என் முதல் பெட்டி, முடித்த அன்று ஊமையாக இருந்தது. எல்லா இணைப்புகளும் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிந்தன. அப்போது கற்றுக்கொண்ட எளிய கருவி இது: ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒரு கேபிளின் முனையில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை இணைத்து, அதன் மறுகாலை ஊசிபோல் நீட்டிக்கொள்ளவேண்டும். கேபிளின் எர்த்தைச் சுற்றின் எர்த்தோடு சேர்த்துவிட்டு, கிட்டாரை யாராவது மீட்டிக்கொண்டிருக்க, அந்த ஊசியால் ஒவ்வோர் இடமாகத் தொட்டேன். உள்ளே நுழையும் இடத்தில் கிட்டார் சுத்தமாகக் கேட்டது. முதல் டிரான்சிஸ்டரைத் தாண்டியதும் உரத்துக் கேட்டது. இரண்டாவதில் உறுமியது. வெளியேறும் கெபாசிட்டரின் கடைசிக் காலில் உறுமல் இருந்தது, அந்தக் கால் சேரவேண்டிய செம்புத் தடத்தில் நிசப்தம். அந்தக் காலில் ஈயம் பிடிக்கவில்லை. மறுபடி சூடாக்கினேன், பேசியது. சுற்று வரைபடத்தில் படித்ததை அன்றுதான் காதால் பின்தொடர்ந்தேன்.

அடுத்தது பெட்டி. அலுமினிய வார்ப்புப் பெட்டி அழகுக்காக மட்டும் அல்ல. திறந்து கிடக்கும் சுற்றின் அருகே கையைக் கொண்டுபோனால் வீட்டு மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஸ்பீக்கரில் ரீங்கரிக்கும். மூடியைப் போட்டதும் அது அடங்கிவிடும். எர்த்தோடு இணைந்த உலோகச் சுவர் வெளி மின்புலத்தை உள்ளே விடாது. துளையிடும் முன் ஆணியால் தட்டிப் புள்ளி வையுங்கள். டிரில் பிட் நழுவாது. 3 மில்லிமீட்டரில் தொடங்கிப் பெரிதாக்குங்கள். காலால் அழுத்தும் சுவிட்சுக்கு 12 மில்லிமீட்டர் வேண்டும். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் இடம் வலமாகும் என்பதை மறக்கவேண்டாம். கிட்டார் நுழையும் துளை வலப்பக்கம் இருப்பதே வழக்கம்.

பெயிண்ட் அடிப்பதில் பொறுமைதான் திறமை. உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, பிரைமர் பூசி, மெல்லிய பூச்சாகப் பலமுறை அடிக்கவேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டதாக எண்ணி நட்டை முறுக்கினால் பெயிண்ட் சுருங்கிக் கிழியும். சில நாள் விட்டுவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது வேறு வழி. போர்டோ கலவைக்காக உழவர்கள் வாங்கும் மயில்துத்தத்தையும் சமையல் உப்பையும் தண்ணீரில் கரைக்கவேண்டும். பெட்டியின் மேல் நெயில் பாலிஷால் கோலமோ எழுத்தோ வரைந்து காயவிட்டுக் கரைசலில் இறக்கவேண்டும். அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்று இருக்கிறது. மயில்துத்தம் மட்டும் இருந்தால் அதை ஊடுருவத் திணறும். உப்பிலுள்ள குளோரைடு அந்தத் தோலைக் குலைத்துவிடும். உடனே குமிழ்கள் எழும், கரைசல் சூடேறும், நீலப்பச்சை வெளிறும். அலுமினியம் கரைந்து போன இடத்தில் செந்நிறச் செம்பு பஞ்சுபோல் படியும். கழுவித் தேய்த்தால் நெயில் பாலிஷ் காத்த கோலம் மேடாக நிற்கும். பள்ளத்தில் கறுப்பு பெயிண்ட்டை நிரப்பி மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்தால் கறுப்பில் வெள்ளி மின்னும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். எழும் குமிழ்களில் ஹைட்ரஜன் இருப்பதால் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். மீந்த கரைசலைச் சாக்கடையிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள். செம்பு மீனுக்கு நஞ்சு.

இதைத் தொடங்கப் பெரிய செலவோ பட்டமோ தேவையில்லை. 9 வோல்ட் பேட்டரியில் ஷாக் அடிக்காது. ஆம்ப்ளிஃபயரை மட்டும் திறக்காதீர்கள். வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் பல நூறு வோல்ட் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி 11 பாகங்களையும் வாங்கி வாருங்கள். வீட்டில் பிளஸ் 2 படிக்கும் பிள்ளை இருந்தால், பாடப்புத்தகத்தில் டிரான்சிஸ்டர் பாடத்தைத் திறந்து பக்கத்தில் வைத்து, சால்டரிங் அயர்னை அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.