டயருக்குள் ஒரு ரப்பர் மரம்

லண்டனின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் எப்பிங் காட்டில் முள்ளுக்குப் பஞ்சமில்லை. போன வருஷம் அங்கே என் மவுண்டன் பைக்கின் பின்சக்கரத்தில் ஒன்று ஏறியது. பிடுங்கினேன். உஸ்ஸென்று காற்று, கூடவே வெள்ளையாகப் பால் பீய்ச்சியது. ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைச் சுற்றி நிறுத்தினேன். சீறல் முணுமுணுப்பாகி, நின்றே போனது. பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது மாயமாகத்தான் இருந்தது.

இந்த டயருக்குள் டியூபே கிடையாது. ஸ்போக் துளைகளை டேப் ஒட்டி மூடிவிட்டால், டயரும் ரிம்மும் சேர்ந்தே காற்றைப் பிடித்துக்கொள்ளும். காற்றைக் குறைத்தும் ஓட்டலாம். டியூப் இருந்தால் அது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும்.

உள்ளே இருப்பது சுமார் 100 மில்லி, அரை டம்ளர், சீலன்ட். அடைப்புப்பால் என்று சொல்லலாம். பல வகைகளில் இதன் அடிப்படை அசல் ரப்பர் பால்தான். அதில் மிதக்கும் ரப்பர் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. தலைமுடியின் தடிமனுக்குள் ஐம்பது அறுபதை வரிசையாக அடுக்கலாம். எல்லாத் துகளிலும் ஒரே வகை மின்னூட்டம், அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த விலகலைக் காப்பாற்றத்தான் அம்மோனியா சேர்க்கிறார்கள். பாட்டிலைத் திறந்தால் மூக்கில் ஏறும் வாசனை அதுதான்.

ஓட்டை விழுந்ததும் நிலைமை தலைகீழ். குறுகிய வழியில் பால் நெருக்கியடித்து ஓடுகிறது, நீர் உலர்கிறது, துகள்கள் மோதி ஒட்டிக்கொள்கின்றன. பெரிய ஓட்டைக்கு இது போதாது என்று பொடித்துகள்களும் கலந்திருப்பார்கள். சாக்கடை வாயில் சருகு சிக்குவதுபோல் முதலில் அவை சிக்கும். இடைவெளியை ரப்பர் நிரப்பும். கன்னியாகுமரி ரப்பர் தோட்டங்களில் காலையில் வெட்டிய பட்டையில் பால் சில மணி நேரத்தில் தானே உறைந்து நிற்கிறதே, மரம் தன் காயத்துக்குச் செய்யும் அதே வைத்தியம்.

அந்த மரத்துக்கும் லண்டன் உறவு உண்டு. 1876இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த சுமார் 70,000 விதைகள் இந்நகரின் கியூ தோட்டத்தில்தான் ஊன்றப்பட்டன. முளைத்தவை 2,700 அளவில். பெரும்பாலான கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறின.

வால்வு விஷயம்தான் வேடிக்கை. ஓட்டை எதுவானாலும் அடைப்பது பாலின் வேலை. வால்வும் ஓர் ஓட்டைதானே! நம்மூர் சைக்கிளில் வால்டியூப் என்ற சின்ன ரப்பர் உறை காற்றைத் தடுக்கும். இங்கே பெரும்பாலும் பிரெஸ்டா: 6 மில்லிமீட்டர் தடிமன், நுனியில் குட்டித் திருகு. வாங்கும்போது நீளம் ரிம்மின் ஆழத்தைத் தாண்டி பம்ப் பிடிக்கும் அளவு இருக்கிறதா, அடி ரப்பர் ரிம்மின் பள்ளத்தில் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், உள்தண்டு கழலக்கூடியதாக இருக்கவேண்டும். அதைக் கழற்றினால் சிரிஞ்சால் பாலை ஊற்றலாம். பால் உறைந்து அடைத்தால் துடைத்து மாட்டலாம். காற்றடிக்கும்போது வால்வைக் கடிகாரத்தின் நான்கு அல்லது எட்டு மணி இடத்தில் வைப்பேன். அடியில் தேங்கிய பால் வால்வுக்குள் ஏறாது.

சில மாதத்தில் பால் காய்ந்துவிடும். வசந்தத்தில் என் டயரைப் பிரித்தபோது உட்புறம் முழுக்கப் பாலாடை போல ஒரு தோல். முள் குத்திய இடத்தில் மிளகளவு ரப்பர் கட்டி. நகத்தால் இழுத்தேன், வரவில்லை.