தாழ்வாரக் கதவுக்கு முக்காலி வேண்டா

எம் மருத்துவமனைத் தாழ்வாரக் கதவுகள் தாமாகவே மூடிக்கொள்ளும்படி அமைந்தவை. காற்று வரட்டும் என்று அவற்றுக்கு முக்காலியை அண்டக் கொடுப்பது உடனிருப்போர் சிலரின் வழக்கமாகிவிட்டது. புழுக்கத்தை நாங்களும் அறிவோம். ஆயினும் அது கூடாது.

2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பற்றியது. வாகனங்களுக்கென ஒதுக்கிய அவ்விடத்தில் எரியும் பொருள்கள் குவிக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது, மேல்தளங்களுக்கு ஏறிய புகையே.

எழ இயலாத நோயாளியைப் படிவழியே இறக்குவது எளிதன்று. ஆகவே அவரைக் கட்டிலோடு அதே தளத்தின் அடுத்த பகுதிக்குத் தள்ளிச் செல்வதே முதற்பணி. இடையிலுள்ள கதவு மூடியிருந்தால்தான் அப்பகுதி புகலிடமாகும். வெளியேறும் வழிகளை அமைத்துப் பேணுவது கட்டட உரிமையாளராகிய எங்கள் கடமை. அவ்வழியில் பாய், பெட்டி, சாப்பாட்டுக் கூடை வையாதிருப்பது உங்கள் பங்கு.

ஆக்சிஜன் செலுத்தப்படும் படுக்கையருகே கற்பூரமோ ஊதுவத்தியோ ஏற்றாதீர்கள். ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் சிறு பொறியும் நொடியில் பெருந்தீயாகும். புகை கண்டால் முதலில் செவிலியரிடம் கூறுங்கள். மின்தூக்கியில் ஏறாதீர்கள். தீயணைப்புத் துறையின் எண் 101.