வீட்டில் அமைக்கும் விமானமும் பிணைச்சற் கோடும்

ஆகாய விமானம் பெருந் தொழிற்சாலையிலேயே பிறக்கும் என்பது பலர் எண்ணம். அமெரிக்க நாட்டிலோ, வீட்டோடு சேர்ந்த மோட்டார்க் கொட்டிலில் அதனைத் தம் கையாற் கட்டிப் பறப்போர் பல்லாயிரவர் உளர். 1953 ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரிற் போல் பொபரெஸ்னி என்பார் தோற்றுவித்த பரிசோதனை விமானச் சங்கம் இவர்தம் முயற்சிக்கு நிலைக்களமாயிற்று. எஞ்சினைப் பூட்டுதலே இவ்வேலையில் அரிதெனப் புறத்து நிற்போர் கருதுவர். உண்மையில், அமைப்போனின் பொறுமையைச் சோதிப்பது பிணைச்சல் என்னும் சிறு பொருளாகும்.

கதவின் பிணைச்சல் கோணினாற் கதவு முனகும், அவ்வளவே. விமானத்தின் மூக்கை மேலுங் கீழுந் திருப்புவது வாலிலுள்ள உயர்த்தி என்னும் அசையும் பலகை. அதன் பிணைச்சல்கள் கோணின், விமானியின் கையிலுள்ள பிடி இறுகும். அவை தளர்ந்திருப்பினோ தீங்கு பெரிது. வேகம் மிகுந்தவிடத்துப் பலகை வளியிற் படபடக்கத் தொடங்கிச் சில நொடிகளுள் வாலையே முறித்துவிடக்கூடும்.

இரு பிணைச்சல்களை எங்கே வைப்பினும் அவற்றினூடே ஒரு நேர்கோடு செல்லும். மூன்றாவதைச் சேர்க்கும்போதே இடர் தோன்றுகின்றது. வான்ஸ் நிறுவனத்தாரின் ஆர்வி-7 விமானத்தில், உயர்த்தி ஒவ்வொன்றும் புறத்தே இரு தாங்கிகளிலும், நடுவே இரு உயர்த்திகளுக்கும் பொதுவான ஒரு தாங்கியிலும் அசைகின்றது. புறத் தாங்கிகள் புரியுள்ள தண்டுகளில் அமைந்தவை; ஆதலால் அவற்றை உள்ளும் புறமுந் திருகி நிலைப்படுத்தலாம். அங்குலத்துக்கு 28 புரி கொண்ட தண்டில் ஒரு முழுச் சுற்று ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றர் நகர்வைத் தரும். இத்தகைய தாங்கியின் உருண்டை சிறிது சாய்வைப் பொறுக்கும். மையம் விலகுவதைப் பொறுக்காது.

நடுத்துளையை அளவுகோல் கொண்டு குறிப்பதில்லை என்பதே இங்கு வியத்தற்குரியது. முதலில் உயர்த்தியைப் புறத் தாங்கிகளிற் பூட்டித் தடையின்றி அசைகின்றதா எனப் பார்ப்பர். பின்னர் நடுத்தாங்கியின் துவாரத்திற் சிறு குழலொன்றைச் செருகி, அதனையே துரப்பணத்துக்கு வழிகாட்டியாக்கி உயர்த்தியின் கொம்பைத் துளைப்பர். கோலும் கண்ணும் செய்யக்கூடிய பிழை இவ்வாறு ஒழிகின்றது.

இறக்கையின் மடிப்புப் பலகைக்கு நீண்ட பியானோப் பிணைச்சல் பயன்படும். அதன் இலையில் முன்னரே துளையில்லை. எட்டிலொரு அங்குலத் தறையாணிக்குத் துளையின் மையம் விளிம்பிலிருந்து காலங்குலமேனும் உள்ளே நிற்றல் வேண்டும். ஆணியின் விட்டத்தைப் போல் இருமடங்கென்பது விதி. ஆகவே இலையில் மெல்லிய கோடொன்று வரைந்து, மேற்றகட்டின் துளைகளூடே அக்கோடு நடுவிற் றெரியும்வரை நகர்த்திப் பற்றிக்கொள்வர். இரு முனைகளையும் முதலிற் றுளைத்துத் தற்காலிக ஆணி செருகி, பலகையை ஆட்டிப் பார்த்த பின்னரே இடைத்துளைகள் இடப்படும். கோட்டைப் பேனாவால் வரைதலே நன்று. கூரிய ஊசியாற் கீறினால் அக்கீறலே பின்னர் வெடிப்புக்கு வித்தாகும்.

இவையாவும் முடிந்தபின் ஒரு துளை எஞ்சும். தள்ளுதண்டு பூட்டப்படும் அத்துளை இரு கொம்புகளையும் ஊடுருவுவது. கொம்புகள் தம்முள் ஒத்திராமை பெரும்பாலும் உண்டு. அவற்றை வளைத்து ஒப்பாக்க முயல்வது வீண். இரு உயர்த்திகளையும் வாலோடு ஒரே தளத்தில் இறுகப் பற்றிவைத்து, அந்நிலையிலேயே துளைத்தல் வேண்டும். கொம்புகள் தோற்றத்தில் ஏறுமாறாய் நிற்பினும், பலகைகள் இரண்டும் ஒருங்கே எழுந்து ஒருங்கே தாழும்.