ரூபின்ஸ்டைன் போட்ட பாதை, ஆனந்த் ஆடிய ஆட்டம்

சதுரங்கம் கற்றுத்தருகிறவன் நான். தொடக்க நகர்வுகளைப் பிள்ளை மனப்பாடம் செய்துவிட்டால் போதும் என்று நினைக்கும் பெற்றோருக்கு ஓர் ஆட்டத்தை ஆடிக்காட்டுவேன். 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் சீ ஊரில் நடந்த டாடா ஸ்டீல் போட்டியில், அன்றைய உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களுடன் லெவான் ஆரோனியனை 23 நகர்வுகளில் வென்ற ஆட்டம் அது.

தொடக்கம், செமி ஸ்லாவின் மெரான் கிளை. 1924இல் இத்தாலியின் மெரான் நகரில் அகிபா ரூபின்ஸ்டைன் ஆடியதால் வந்த பெயர். சி4இல் நிற்கும் வெள்ளைச் சிப்பாயைக் கறுப்பு உடனே வெட்டாது. வெள்ளை மந்திரி ஒருமுறை நகரும்வரை காத்திருக்கும். பிறகு வெட்டினால், அதே மந்திரி இன்னொரு முறை நகர்ந்துதான் சிப்பாயை எடுக்க முடியும். பி5 சிப்பாய் அதை மறுபடி விரட்டும். கறுப்பு மந்திரி பி7இல் அமரும். அதன் வழியை அடைத்திருப்பது சி6இல் உள்ள சொந்தச் சிப்பாய். அதை சி5க்குத் தள்ளுவதில்தான் கறுப்பின் நம்பிக்கை எல்லாம் இருக்கிறது.

12ஆவது நகர்வில் ஆனந்த் அதைத் தள்ளினார். ஆரோனியனின் குதிரை எச்7 சிப்பாயை வெட்டியது. ஆனந்த் அந்தக் குதிரையைத் தொடாமல், தன் குதிரையை ஜி4க்குப் பாய்ச்சினார். அடுத்து சி5இல் மந்திரி, இ5இல் இன்னொரு குதிரை. இரண்டையும் வெள்ளைச் சிப்பாய்கள் வெட்டலாம். குதிரையை வெட்டி, செக்குக்கு ராஜா மூலைக்கு ஒதுங்கினால், கறுப்பு ராணியைப் பலிகொடுத்து ஒற்றைக் குதிரையால் மேட் வைக்கும். ஆரோனியன் யானையை வெட்டியபோதும் ஆனந்த் பதிலுக்கு வெட்டவில்லை. எஃப்5இல் நிதானமாகச் சிப்பாயை வைத்தார். அவருடைய இரு மந்திரிகளும் அப்போது வெள்ளை ராஜாவைக் குறிபார்த்து நின்றன.

1907இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவியை ரூபின்ஸ்டைன் வீழ்த்தியதும் இதேபோல இரு மந்திரிகளால்தான். அந்த இ5 குதிரையை ஆனந்த், 2012இல் கெல்ஃபாண்டுடன் ஆடிய உலக சாம்பியன் போட்டிக்காகத் தயாரித்து வைத்திருந்தார். அப்படி ஒரு நகர்வு, காய்களின் வழிகளைப் புரிந்தவருக்கே தோன்றும்.

உங்கள் பிள்ளை ஒரு தொடக்கத்தைக் கற்றால், எத்தனை நகர்வு தெரியும் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு நகர்வும் எதற்காக என்று கேளுங்கள். பழைய மேதைகளின் ஆட்டங்களைப் பலகையில் ஆடிப்பார்க்கச் சொல்லுங்கள்.