அட்டையும் பெட்டியும்

"புதுமுறை என்றாலே தொழிலாளி முகம் சுளிக்கிறான், பழைய தடத்தை விட்டு நகர மறுக்கிறான்!" நிர்வாக நாற்காலியில் அமர்ந்தோர் ஓயாமல் பாடும் பல்லவி இது. இதைப் பாடுவோர் படித்துப் பார்க்கவேண்டிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. அதை நடத்தியவர்கள் தொழிற்சங்கத்தார் அல்லர். ஒருவர் ஆலையின் பணியாளர் நிர்வாகி லெஸ்டர் கோக். மற்றவர் உளநூல் அறிஞர் ஜான் ஃபிரெஞ்ச். ஆகவே ஓரவஞ்சனை என்று நம்மை ஏசுவதற்கில்லை.

அமெரிக்க நாட்டு வர்ஜீனியா மாநிலத்தில், மேரியன் என்ற சிற்றூரில் இருந்தது ஹார்வுட் பைஜாமா ஆலை. உழைப்போரில் பெரும்பாலோர் இளம்பெண்கள். உருப்படிக் கணக்கில் கூலி. வேலைமுறை மாறும்போதெல்லாம் உற்பத்தி சரிந்தது. பலர் வேலையை விட்டே போயினர். பழகும் நாட்களில் வருமானம் குறையாதிருக்க ஈட்டுத்தொகை தந்தும் பயனில்லை. காரணம் காசு அன்று என்றால், வேறென்ன?

நான்கு குழுக்களை எடுத்துக்கொண்டார்கள். முதற் குழுவில் துணி தேய்ப்போர் 18 பேர். தேய்த்த பைஜாமாக்களை அட்டையின்மேல் அரை டஜனாக அடுக்கியவர்கள், இனிப் பெட்டிக்குள் அடுக்கவேண்டும். மாற்றம் அவ்வளவே! முறையையும் கூலியையும் மேலே முடிவுசெய்துவிட்டு, கூட்டம் கூட்டி, "போட்டி கடுமை, மாற்றம் தேவை" என்று அறிவித்தார்கள். கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். கூட்டம் கலைந்தது.

விளைவு? மணிக்கு 60 அலகு என்ற அளவை எட்டவேண்டியவர்கள் 50ஐ ஒட்டியே நின்றார்கள். கூலி விகிதத்தின்மேல் புகார் கிளம்பிற்று. வேண்டுமென்றே கையைக் கட்டுப்படுத்தினார்கள். 40 நாட்களுக்குள் நூற்றுக்கு 17 பேர் விலகினார்கள்.

மற்றக் குழுக்களிடம் வேறு வழி. ஒரே மாதிரியான இரண்டு ஆடைகளைக் காட்டினார்கள். ஒன்று மற்றதைப்போல் இருமடங்கு விலைக்கு விற்றது. எது என்று கேட்டார்கள். தெரியவில்லை! பிறகு, செலவைக் குறைக்க என்ன செய்யலாம் என்ற பேச்சு எழுந்தது. ஒரு குழு பிரதிநிதிகளைத் தேர்ந்து அனுப்பிற்று. எட்டுப் பேரும் ஏழு பேருமாக இருந்த சிறு குழுக்கள் இரண்டில் அனைவருமே அமர்ந்து பேசினார்கள். யோசனைகள் வந்து குவிந்ததில், குறிப்பெடுத்த சுருக்கெழுத்தர் திணறிப்போனாராம்! பிரதிநிதிகள் "நம் வேலை, நம் விகிதம்" என்று பேசலானார்கள். எல்லோரும் கலந்துகொண்ட குழுக்களோ விரைவில் பழைய அளவை எட்டி, அதற்குமேல் நூற்றுக்கு 14 அளவு உயர்ந்தன. யாரும் விலகவில்லை.

"அந்த முதற் குழுவே முரட்டுக் கும்பலாக இருந்திருக்கும்" என்பீர்களா? இரண்டரை மாதம் கழித்து, அதில் எஞ்சிய 13 பேரையே வேறு வேலைக்கு மாற்றினார்கள். இம்முறை கலந்து பேசி. அதே கைகள்! அளவை விரைந்து எட்டின, அதையும் தாண்டின. அப்படியானால் முரடு எங்கே இருந்தது? அறிவித்துவிட்டுக் கலைந்த அந்தக் கூட்டத்தில் அல்லவா!

இவ்வளவும் பாராட்டத்தக்கதே, பாராட்டுகிறோம். ஆனால் 1948இல் வெளிவந்த அக்கட்டுரையின் தலைப்பைப் பாருங்கள்: 'மாற்றத்துக்கு எழும் எதிர்ப்பை வெல்லுதல்'. எந்த நாற்காலியிலிருந்து எழுதப்பட்டது என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறதே! எப்படி மாறுவது என்று கேட்டார்கள். மாறத்தான் வேண்டுமா, மிச்சமாகும் செலவில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்விகளை மேசைமேல் வைக்கவில்லை. அரை டஜன் அடுக்குவதில் மட்டும் ஆலோசனை; ஆதாயத்தில் அன்று.

இந்த ஐயம் நம் கற்பனை அன்று. அதே ஃபிரெஞ்ச், வேறு இருவருடன் சேர்ந்து நார்வே நாட்டுக் காலணி ஆலையில் இச்சோதனையைத் திரும்பச் செய்து 1960இல் வெளியிட்டார். அங்கே உற்பத்தியில் வேறுபாடு தெரியவில்லை. தொழிலாளரிடம் விடப்பட்ட முடிவுகள், உற்பத்தியைத் தொடாத சிறு முடிவுகள். தவிர, அந்நாட்டில் தொழிற்சங்கம் வேரூன்றியிருந்தது. நிர்வாகம் அழைத்து ஆலோசனை கேட்பதை, தங்களுக்கு உரிய முறை என்று எல்லோரும் ஏற்கவில்லை. ஏற்றவர்கள் மட்டுமே கூடுதல் மனநிறைவு கொண்டார்கள்.